உயிர்க் கணக்கும் உயிரிரக்கமும்

உயிர்களை எண்களாக மாற்றிச் சமன்பாட்டில் அடக்கலாமா? அடக்கியபின் அவ்வுயிர்களின் பிறப்பையும் இறப்பையும் வெறும் கூட்டல் கழித்தலாகக் கருதலாமா? அத்தகைய கல்வி, கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட ஜினதருமத்துக்கு உடன்பாடானதா?

நம் சமூகத்துக் குடும்பங்கள் சிலவற்றில் இவ்வினா இப்போது எழுந்திருக்கிறது. உயிரியலில் ஆர்வமுடைய பிள்ளைகள், விலங்குகளை அறுத்துப் படிக்க மனம் ஒப்பாமல், கணித உயிரியல் என்னும் துறையை நாடுகின்றனர். சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் கழகம், பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகம் முதலிய இடங்களில் இத்துறை ஆராய்ச்சி நடைபெறுகிறது. "கத்தியின்றி உயிரியல் படிக்கலாம், இதுவே நமக்கேற்ற கல்வி" என்று மகிழும் பெற்றோர் உளர். "உயிரை எண்ணாக்கும் கல்வி உயிரை மறுக்கும் கல்வியே" என்று தயங்கும் பெரியோரும் உளர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் இருவர் கூற்றும் முழுமையன்று என்பது நம் கருத்து. அதனை முறைப்படி ஆராய்வோம்.

கணித மாதிரி என்பது யாது?

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப் போரின்போது இத்தாலியை ஒட்டிய ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடி பெரிதும் குறைந்தது. அக்கடலோரச் சந்தைகளின் கணக்கேடுகளை ஆராய்ந்த உம்பர்த்தோ தன்கோனா என்னும் உயிரியலார் ஒரு வியப்பைக் கண்டார். போர்க்காலத்தில் வந்த மீன்களுள் சுறா முதலிய கொன்றுண்ணிகளின் விழுக்காடு உயர்ந்திருந்தது. மீன்பிடி குறைந்தால் எல்லா மீன்களும் ஒரே அளவிற் பெருக வேண்டாவா? கொன்றுண்ணிகள் மட்டும் ஏன் விகிதத்தில் மிகுந்தன?

இவ்வினாவை அவர் தம் மாமனாரான வித்தோ வொல்தெர்ரா என்னும் கணிதப் பேராசிரியரிடம் வைத்தார். வொல்தெர்ரா 1926-ஆம் ஆண்டு இரண்டு சமன்பாடுகளை எழுதினார். இரை மீன்கள் பிறப்பால் பெருகுகின்றன, உண்ணப்படுவதால் குறைகின்றன என்பது ஒன்று. கொன்றுண்ணிகள் இரை கிடைப்பதால் பெருகுகின்றன, கிடையாவிடில் மடிகின்றன என்பது மற்றொன்று. இவற்றைத் தீர்த்தபோது ஒரு முடிவு கிடைத்தது. இரையின் சராசரி எண்ணிக்கையைத் தீர்மானிப்பது இரையின் பிறப்பு விகிதம் அன்று. கொன்றுண்ணியின் இறப்பு விகிதமே. ஆகவே இருவகை மீன்களையும் ஒருசேரப் பிடித்தால் இரை சராசரியிற் பெருகும், கொன்றுண்ணி குறையும். பிடிப்பதை நிறுத்தினால் இது தலைகீழாகும். சந்தைக் கணக்கின் புதிர் அவிழ்ந்தது. அமெரிக்காவில் ஆல்ஃப்ரெட் லோட்கா என்பாரும் 1925-ஆம் ஆண்டிலேயே தனித்து இதே சமன்பாடுகளை எழுதியிருந்தார்.

இதுவே கணித மாதிரி. உயிர்களின் வாழ்வில் நிகழும் எண்ணற்ற நிகழ்ச்சிகளுள் இன்றியமையாதன எனக் கருதும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றிடையே உள்ள உறவைக் கணித மொழியில் எழுதி, விளைவைக் கணித்து, உலகோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. பல்கலைக்கழகத்தில் இத்துறையைத் தொடங்கும் மாணவர் பெரும்பாலும் முதலிற் பயிலும் பாடங்களுள் இதுவும் ஒன்று.

நம் ஆசாரியர்களும் உயிர்களை எண்ணினார்கள்

உயிரை எண்ணுவதே குற்றம் என்பார்க்கு நம் ஆகமங்களே விடை தரும். திகம்பர மரபின் தலையாய நூலாகிய ஷட்கண்டாகமத்துக்கு வீரசேன ஆசாரியர் இயற்றிய தவளை என்னும் பேருரை கி.பி. 816-ஆம் ஆண்டில் நிறைவுற்றதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அந்நூலில் திரவியப் பிரமாணானுகமம் என ஒரு பகுதி உண்டு. எந்தெந்தக் குணத்தானத்தில், எந்தெந்தக் கதியில் எத்தனை உயிர்கள் உள்ளன என்று அளந்து கூறுவதே அப்பகுதியின் பொருள். அவ்வளவுக்கு வேண்டியே நம் முன்னோர் எண்களை எண்ணத்தக்கவை, எண்ணத்தகாதவை, முடிவிலாதவை எனச் சங்கியாதம், அசங்கியாதம், அனந்தம் என்று வகுத்தனர். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கினால் ஒன்று எஞ்சும் என்று பார்க்கும் அர்த்தச்சேதம் என்னும் முறையையும் வீரசேனர் கையாண்டுள்ளார். இது இன்றைய மடக்கைக் கணக்கின் கருத்தேயாகும். அதே 9-ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், மகாவீராசாரியர் கணிதசாரசங்கிரகம் என்னும் நூலை இயற்றினார். அதனைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசாரியர் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912-இல் சென்னையிலிருந்து வெளிவந்தது.

ஆசாரியர்கள் எண்ணியதன் நோக்கத்தை நாம் கவனிக்க வேண்டும். உயிர்கள் எத்துணைப் பலவாய், எங்கெங்கும் நிறைந்துள்ளன என்பதை உணர்ந்தாலன்றி நடக்கும் அடியிலும், குடிக்கும் நீரிலும், ஏற்றும் விளக்கிலும் கவனம் வாராது. எண்ணிக்கை அங்கே இரக்கத்துக்கு வாயில் ஆயிற்று. ஆகவே உயிரை எண்ணுதல் நம் மரபுக்குப் புறம்பானதன்று. எந்த நோக்கோடு எண்ணுகிறோம் என்பதே ஆராயத் தக்கது.

சமன்பாடு காண்பதும் காணாததும்

உயிரை எண்ணாக்குவது உயிரை மறுப்பதாகும் என்னும் ஐயத்தை இனிப் பார்ப்போம். உள்பொருள் ஒவ்வொன்றும் தோற்றம், அழிவு, நிலைபேறு என்னும் மூன்றும் உடையது என்பது நம் தத்துவம். வொல்தெர்ராவின் சமன்பாட்டைச் சற்று உற்று நோக்குக. அதில் பிறப்பு உண்டு, இறப்பு உண்டு. அஃதாவது தோற்றமும் அழிவும் உண்டு. நிலைபேறு பற்றி அது வாய் திறப்பதில்லை. உயிர் என்னும் திரவியத்தை அது தொடுவதே இல்லை. உடல் தாங்கித் தோன்றி மறையும் பரியாயங்களை மட்டுமே எண்ணுகிறது. பேசாமை வேறு, மறுத்தல் வேறு. துலாக்கோல் நெல்லின் எடையைச் சொல்லும். அதன் சுவையைச் சொல்லாது. அதனால் சுவை இல்லை என்று துலாக்கோல் கூறியதாகாது.

ஒரு பொருளை ஒரு நோக்கில் மட்டும் கண்டுரைப்பதை நயம் என்கிறோம். பிற நோக்குகளும் உண்டென ஒப்புக்கொள்ளும் வரையில் அது நன்னயம். இதுவன்றி வேறில்லை என்று சாதிக்கத் தொடங்கின் துர்நயம். கணித மாதிரி ஒரு நயம். நல்ல ஆசிரியர் மாதிரியைக் கற்பிக்குமுன், எவற்றையெல்லாம் விட்டுவிட்டோம் என்று பட்டியலிடச் சொல்வார். அப்பட்டியல் மாணவர் மனத்தில் உள்ளவரை அக்கல்வி அனேகாந்தத்துக்கு அருகிலேயே நிற்கும்.

நம் நாட்டுச் சிறுவர்கள் ஒருவரையொருவர் மடக்கும் விடுகதை ஒன்றை இங்கு நினைவுகூரலாம். மரத்தில் பத்துப் பறவைகள் உள்ளன; வேடன் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினான்; மீதி எத்தனை? ஒன்பது என்று விடை சொல்லும் பிள்ளை கழித்தலை நன்கு கற்ற பிள்ளை. ஒன்றுமில்லை என்று சொல்லும் பிள்ளை பறவையை அறிந்த பிள்ளை. வெடியோசை கேட்டவுடன் மற்ற ஒன்பதும் பறந்துபோகும். ஏனெனில் அவற்றுக்கு அச்சம் உண்டு. உணவு, அச்சம், இணைவிழைவு, பற்று என்னும் நான்கு சஞ்ஞைகளும் எல்லாப் பிறவி உயிர்க்கும் பொது என்று நம் நூல்கள் கூறுகின்றன. கழித்தல் கணக்கில் அச்சத்துக்கு இடமில்லை.

இவ்விடுகதையின் உண்மையை அறிவியலே பின்னர் ஒப்புக்கொண்டது. கனடா நாட்டுத் தீவுகளில் பாட்டுக்குருவிகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வொன்று 2011-ஆம் ஆண்டு வெளிவந்தது. உண்மையான பகை விலங்குகள் நெருங்க முடியாதபடி கூடுகளுக்கு வேலியிட்டு, பகை விலங்குகளின் ஓசையை மட்டும் ஒலிபெருக்கியால் ஒலிக்கச் செய்தனர். ஒரு குருவியும் பகையால் கொல்லப்படவில்லை. எனினும் அச்சம் ஒன்றினாலேயே அக்குருவிகள் ஓராண்டில் வளர்த்தெடுத்த குஞ்சுகளின் எண்ணிக்கை 40 விழுக்காடு குறைந்தது. கொல்லுதல் மட்டுமே இம்சை அன்று, அச்சுறுத்தலும் இம்சையே என்று நம் அறவோர் வகுத்ததற்கு இதைவிட வலிய சான்று வேண்டுமோ? அதனை நிறுவவும் குருவிகளை அச்சுறுத்த வேண்டியதாயிற்று என்பதையும் நாம் மறத்தலாகாது. இன்று சூழலியல் மாதிரிகளில் அச்சத்துக்கும் ஓர் உறுப்பு எழுதப்படுகிறது. ஓர் உயிர் உணர்வுடையது என்பதைக் கணக்கில் சேர்த்தபோது கணக்கே திருத்தம் பெற்றது. கருணை அறிவுக்குப் பகை அன்று என்பதும் இதனாற் பெறப்படும்.

உடன்பாடு என்னும் வினை

இனிக் கடினமான வினாவுக்கு வருவோம். "நான் எந்த உயிரையும் தொடுவதில்லை, தாளும் கணிப்பொறியுமே என் கருவிகள்" என்று கணித உயிரியல் மாணவர் கூறலாம். அது போதுமா?

இம்சை செய்தல், செய்வித்தல், செய்தார்க்கு உடன்படல் என மூவகை. அவை மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடும் பொருந்தி ஒன்பது வாயில்களாகின்றன. கையால் கொல்லாதவன் அவற்றுள் சில வாயில்களை அடைத்தவனே அன்றி எல்லா வாயில்களையும் அடைத்தவன் அல்லன்.

இத்துறையின் மாபெரும் வெற்றி எனப் போற்றப்படுவது நரம்பில் மின்துடிப்பு ஓடும் முறையை விளக்கிய சமன்பாடுகள். இங்கிலாந்தின் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி ஆகிய இருவரும் 1952-ஆம் ஆண்டு இவற்றை வெளியிட்டனர்; 1963-இல் நோபல் பரிசும் பெற்றனர். மின்கணிப்பொறி கிடைக்காமையால் ஹக்ஸ்லி கையாற் சுழற்றும் கணக்குப் பொறியைக் கொண்டு வாரக் கணக்கில் உழைத்து விடை கண்டார் என்பது வரலாறு. ஆயின் அச்சமன்பாட்டில் உள்ள எண்கள் எங்கிருந்து வந்தன? பிளிமத் கடற்கரை ஆய்வகத்தில், கடலிலிருந்து பிடிக்கப்பட்ட கணவாய்களின் உடலிலிருந்து அறுத்தெடுத்த தடித்த நரம்பிழைகளிலிருந்து வந்தன. கணவாயும் அதன் இனத்தவையும் துன்பம் உணர வல்லவை என்று பிரிட்டன் நாட்டுச் சட்டமே 2022-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. நம் நூல்கள் அந்தச் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை.

அப்படியாயின் இன்று அச்சமன்பாட்டைக் கற்கும் நம் மாணவி அக்கொலைக்கு உடன்பட்டவள் ஆவாளா? இவ்வினாவுக்கு ஆம் என்றோ அன்று என்றோ ஒரு சொல்லில் விடை கூறுதல் பொருந்தாது. நிகழ்ந்து முடிந்த ஒரு செயலின் பயனை அறிதல் ஒன்று. அச்செயல் நன்றென மகிழ்தல் மற்றொன்று. அதுபோல் இன்னொன்று நிகழ வேண்டுமென விரும்புதல் வேறொன்று. முதலாவது அறிவு. இரண்டாவது உடன்பாடு. மூன்றாவது செய்வித்தலின் வாயிற்படி. அறிவு மட்டும் வினையைக் கட்டாது. அதனோடு சேரும் கருத்தே கட்டும். ஆகவே 1952-இல் அறியப்பட்டதை இன்று பயில்வதனாலேயே ஒருவர்க்குப் பாவம் சேர்ந்தது என்று நாம் கருதவில்லை.

ஆனால் இங்கே ஒரு நுண்ணிய கண்ணி உண்டு. கணித மாதிரி செய்வோர்க்கு எப்போதும் எண்கள் வேண்டும். பழைய எண்கள் போதாவிடின், பக்கத்து ஆய்வகத்து நண்பரிடம், "எனக்கு இன்னும் இருபது எலிகளின் அளவுகள் கிடைத்தால் என் சமன்பாடு முழுமையாகும்" என்று கூறத் தோன்றும். கூறுபவர் கையில் கத்தி இல்லை. மேசை தூய்மையாக இருக்கிறது. எனினும் அச்சொல் செய்வித்தல் ஆகும். இறைச்சிக் கடைக்குப் போகாமல் ஆள் அனுப்பி வாங்குவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. கத்தியின்றி உயிரியல் என்று மகிழும் பெற்றோர் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. கணித உயிரியல் தன்னளவில் அகிம்சைக் கல்வி அன்று. அதனை அகிம்சைக் கல்வியாகப் பயில இயலும் என்பதே உண்மை.

கொலையைக் குறைக்கும் கணக்கு

அவ்வாறு பயில்வார்க்கு இத்துறை எத்தகைய வாய்ப்புகளை வழங்குகிறது என்பதையும் கூறியாக வேண்டும். விலங்குச் சோதனைகளை மாற்றுதல், குறைத்தல், வதை தணித்தல் என்னும் மூன்று நெறிகளை வில்லியம் ரசல், ரெக்ஸ் பர்ச் என்னும் இருவர் 1959-ஆம் ஆண்டு ஒரு நூலில் வகுத்தனர். அதற்கு அடுத்த ஆண்டே, 1960-இல், நம் நாட்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் இடைவிடாது வாதாடியதன் பயன் அது. நூல்கள், மாதிரிகள், திரைப்படங்கள் முதலியவற்றால் கற்பிக்க முடியுமாயின் கல்லூரிகளில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்னும் நெறி அச்சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2014-ஆம் ஆண்டில் விலங்கியல் வகுப்புகளில் விலங்கறுப்பை நிறுத்துமாறு அறிவுறுத்தியது.

மருந்துத் துறையில் நிகழ்ந்திருப்பது இதனினும் பெரிது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தானாகவே இன்சுலின் செலுத்தும் கருவியைச் செம்மை செய்ய முன்பு விலங்குகளில் சோதிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா, இத்தாலியின் பதுவா ஆகிய பல்கலைக்கழகத்தார் கணிப்பொறியினுள் முந்நூறு கற்பனை நோயாளிகளைச் சமன்பாடுகளால் உருவாக்கினர். விலங்குச் சோதனைக்கு மாற்றாக இதனை ஏற்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-ஆம் ஆண்டு இசைந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் 62 மருந்துகளை எடுத்துக்கொண்டு, அவை மனித இதயத்தின் துடிப்பைக் கெடுக்குமா என்று இதய உயிரணுவின் கணித மாதிரியால் கணித்து 2017-இல் வெளியிட்டனர். 89 விழுக்காடு சரியாக அமைந்தது. முயல்களைக் கொண்டு செய்யும் சோதனைகளோ ஏறத்தாழ 75 விழுக்காடே சரியாகச் சொல்லும். முயலின் இதயம் முயலுக்குரியது என்பதை நினைந்தால் இதில் வியப்பில்லை. இங்கே அறமும் உண்மையும் ஒரே திசையிற் சென்றன.

உழவுத் துறையிலிருந்தும் ஒரு செய்தி கூறலாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலிபோர்னியாவின் கிச்சிலி, எலுமிச்சைத் தோட்டங்களை வெண்பஞ்சு போன்ற செதில் பூச்சிகள் அழித்து வந்தன. 1888-89-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த பொறிவண்டுகள் அவற்றை உண்டு அடக்கின. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் டி.டி.டி. மருந்து தெளிக்கத் தொடங்கியபோது, அடங்கியிருந்த செதில் பூச்சிகள் மீண்டும் பெருகின. மருந்து பொறிவண்டுகளையும் கொன்றதே காரணம். இருவகை உயிரையும் ஒருசேரக் கொன்றால் இரையே பெருகும் என்று வொல்தெர்ரா மீன்களை வைத்துச் சொன்ன அதே கணக்கு இது. கொலையைப் பெருக்கியும் எண்ணிய பயன் கிட்டாமற் போகலாம் என்பதைச் சமன்பாடு முன்கூட்டியே கூறியிருந்தது, கேட்பார்தாம் இல்லை.

கொலைக்குத் துணைபோகும் கணக்கு

நல்லதை மட்டும் கூறி நிறுத்துவது வாய்மை ஆகாது. ஒரே சமன்பாடு இரு வழிகளையும் திறந்துவிடுவதை மலேரியாவின் வரலாறு காட்டும்.

சர் ரொனால்டு ராஸ் 1897-ஆம் ஆண்டு செகந்தராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார். கொசுக்களை முற்றிலும் அழிக்க முடியாதாகையால் நோயை ஒழிக்க முடியாது என்று பலர் கூறினர். ராஸ் கணிதத்தின் துணையை நாடினார். கொசுக்களின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே சென்றாலே நோய் தானே அணைந்துவிடும், எல்லாவற்றையும் அழிக்க வேண்டுவதில்லை என்று 1910-ஆம் ஆண்டையொட்டிக் காட்டினார். "முற்றும் அழி" என்னும் வெறிக்கு அக்கணக்கு ஓர் அணை போட்டது.

பின்னர் ஜார்ஜ் மக்டொனால்டு 1950-களில் அக்கணக்கை விரிவாக்கினார். வளர்ந்த கொசுவின் ஆயுளைச் சிறிது குறைத்தாலும் நோய் பெரிதும் குறையும் என்று அவர் சமன்பாடு கூறிற்று. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கும் உலகளாவிய ஒழிப்புத் திட்டத்துக்கு அது வலிமை சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் 1955-இல் தொடங்கிய அத்திட்டம் 1969-இல் கைவிடப்பட்டது. நம் நாட்டில் 1965-இல் ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்த நோயாளிகளின் எண்ணிக்கை 1976-இல் 64 லட்சமாக உயர்ந்தது. மருந்தைத் தாங்கும் ஆற்றலைக் கொசுக்கள் பெற்றது அதற்குரிய காரணங்களுள் ஒன்று.

அதே சமன்பாட்டில் மற்றோர் உண்மையும் இருந்தது. நோய் பரவ வேண்டுமாயின் கொசு இருமுறை கடிக்க வேண்டும்: நோயுற்றவரை ஒருமுறை, நலமுற்றவரை ஒருமுறை. ஆதலால் கொசுக்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் நோய்ப்பரவல் பாதியாகும்; கடிகளைப் பாதியாக்கினாலோ காற்பங்காகும். கடியைத் தடுப்பது கொசுவலை. வெறும் வலை தடுக்கும், கொல்லாது. மருந்து தோய்த்த இன்றைய வலைகள் கொல்லவும் செய்கின்றன என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவற்றால் ஆப்பிரிக்காவில் எண்ணற்ற குழந்தைகள் பிழைத்ததையும் மறுக்க வேண்டுவதில்லை. இல்லறத்தார்க்கு விரோதி இம்சையை முற்றும் விலக்கல் அரிது என்பதை அறிந்தே நம் ஆசாரியர்கள் அணுவிரதம் வகுத்தனர். நாம் சொல்ல வருவது இதுவே: சமன்பாட்டில் பல உறுப்புகள் உள்ளன. அவற்றுள் எந்த உறுப்பின்மேல் கை வைப்பது என்பதைச் சமன்பாடு தேர்ந்தெடுப்பதில்லை, மனிதன் தேர்ந்தெடுக்கிறான். அந்தத் தேர்விலேதான் அறம் இருக்கிறது.

சொற்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. மீன்வளக் கணக்கில், கடலில் வாழக்கூடிய உச்ச எண்ணிக்கையில் பாதி இருக்கும்போது மீன்பிடித்தால் ஆண்டுதோறும் மிகுதியான அறுவடை கிடைக்கும் என்று எளிய மாதிரி ஒன்று கற்பிக்கிறது. அறுவடை என்பது நெல்லுக்குரிய சொல். மீனுக்கு அச்சொல்லை இட்டவுடன் துடிக்கும் உடல் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் பண்ணா மீன் இருப்பைக் கணக்குகள் மிகையாக மதிப்பிட்டன. கடைசியில் 1992-ஆம் ஆண்டு மீன்பிடியையே தடை செய்யும்படி ஆயிற்று. பல்லாயிரம் தொழிலாளர் பிழைப்பிழந்தனர். எஞ்சிய மீன்கள் ஓரிடத்தில் நெருங்கித் திரண்டமையால் வலையில் விழுவது குறையவில்லை. அதனை மிகுதியின் அடையாளமாகக் கொண்டது கணக்குப் பிழைத்ததன் காரணங்களுள் ஒன்று.

மாணவர்க்குச் சில சொற்கள்

இதுகாறும் கூறியவற்றால், கணித உயிரியல் பயில விரும்பும் நம் பிள்ளைகளை நாம் தடுக்க வேண்டுவதில்லை என்பது போதரும். வாழ்த்தி அனுப்பலாம். அனுப்பும்போது நான்கு சொற்களை அவர்கள் கைப்பொருளாகக் கொடுக்கலாம்.

முதலாவது, உங்கள் மாதிரி எவற்றை விட்டுவிட்டது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போனவற்றுள் அச்சமும் வலியும் இருக்கக்கூடும்.

இரண்டாவது, உங்கள் எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். உணவு எவ்வாறு வந்தது என்று கேட்பவர்கள் நாம். எண்ணும் ஒருவகை உணவே.

மூன்றாவது, உங்கள் கேள்வி புதிய கொலையை வேண்டுமாயின் கேள்வியை மாற்றுங்கள். பழைய அளவுகளைக் கொண்டு தீர்க்க வழி தேடுங்கள். அவ்வாறு தேடுவதே இத்துறையில் உங்கள் நோன்பாக இருக்கட்டும்.

நான்காவது, உங்கள் விடை எவர் கையில் எதற்குப் பயன்படப்போகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றையும் தடுக்க உங்களால் இயலாது. ஆனால் சமன்பாட்டில் உள்ள கருணையான வழியை எடுத்துக்காட்டும் கடமை உங்களுடையது. கொசுவைக் கொல்லும் வழியைப் பலர் காட்டுவர். கடியைத் தடுக்கும் வழியைக் காட்டும் ஒருவர் வேண்டும்.

நல்ஞானம் நல்லொழுக்கத்தோடு சேராவிடின் வீடு பயக்காது என்பது மும்மணிகளின் பொருள். வொல்தெர்ரா 1931-ஆம் ஆண்டில் ஒரு சோதனைக்கு உள்ளானார். இத்தாலியப் பேராசிரியர் அனைவரும் பாசிச ஆட்சிக்கு உறுதிமொழி அளிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பேராசிரியருள் மறுத்தவர் பன்னிருவர் அளவினரே. அவர்களுள் வொல்தெர்ராவும் ஒருவர், பதவியை இழந்தார். அவர் சமணர் அல்லர். எனினும், கணக்கறிந்தவன் எதற்குத் தன் கையெழுத்தை இடலாம், எதற்கு இடலாகாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும் என்று தம் வாழ்வால் காட்டிச் சென்றார். நம் பிள்ளைகள் அவருடைய சமன்பாட்டோடு இதனையும் கற்பார்களாக.

உயிர்களின் இயல்பு ஒன்றுக்கொன்று துணையாதல் என்பது உமாசுவாமி ஆசாரியர் கண்ட உண்மை. அத்துணையைக் கணித மொழியில் ஆராயும் வாய்ப்பு நம் பேரக்குழந்தைகள் தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது. ஒவ்வோர் எண்ணின் பின்னும் ஓர் உயிர் நிற்கிறது என்பதை மறவாமல் அவர்கள் கணக்கிடுவார்களாக.

அறம் வளர்க! அகிம்சை வெல்க!